மோட்டார் மேல் விழுகிற பழி

பாறை ஏறுகிற ஆர்.சி. கிராலர் வைத்திருக்கும் நண்பர் எவரிடமாவது போய், “வண்டி கத்துது, என்னன்னு தெரியல” என்று சொல்லிப் பாருங்கள். வண்டியை வாங்கிக் காதருகே வைத்துக்கூடப் பார்க்க மாட்டார். “பிரஷ்டு மோட்டார்தானே? அது அப்படித்தான். கழட்டித் தூரப் போட்டுட்டு பிரஷ்லெஸ் மாட்டிடு” என்று தீர்ப்பு வந்து விழும். கொஞ்சம் இரக்கமுள்ளவராக இருந்தால், “புதுசா ஒரு 540 வாங்கிப் போடு, பெரிய செலவா என்ன?” என்பார். இருவரும் ஒரே கட்சிதான். வண்டியில் சத்தம் வந்தால் அது மோட்டாரின் சத்தம். மோட்டார் சத்தம் போட்டால் அதன் கதை முடிந்தது. இதுதான் அவர்கள் கொள்கை.

இதன் இரண்டு பாதியும் தவறு என்கிறேன். சில நேரம் மோட்டார் உண்மையிலேயே செத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விசாரிக்காமல் சொன்ன தீர்ப்பு சரியாக அமைந்தாலும் அது குருட்டு அதிர்ஷ்டம்தான்.

தெருமுனையில் மிக்சி பழுதுபார்க்கிறவரை நினைத்துப் பாருங்கள். மிக்சிக்குள் இருப்பதும் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்தான். ‘கத்துது’ என்று கொண்டுபோய் வைத்தால் அவர் முதலில் ஜாரை எடுத்துவிட்டு வெறும் மிக்சியை ஓட்டுவார். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு ஜாரின் அடியில் இருக்கிற புஷ்ஷில். நிற்காவிட்டால்தான் மிக்சியைக் கவிழ்த்து ஸ்குரூவில் கை வைப்பார். ஜாரை எடுத்துக்கூடப் பார்க்காமல் ‘மோட்டார் போச்சு’ என்கிறவரிடம் நாம் இரண்டாம் முறை போக மாட்டோம். அதே நாம்தான், கிராலர் விஷயத்தில் ஜாரோடு சேர்த்து மிக்சியைக் குப்பையில் போடச் சொல்கிறோம்.

கிராலருக்கு என்று ஒரு சங்கடமும் உண்டு. பந்தயக் கார் சத்தம் போட்டால் அது நம் காதுக்குச் சரியாக எட்டுவதற்குள் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போயிருக்கும். கிராலரின் பின்னால் நாம் நடந்தே போகிறோம். சில இடங்களில் குனிந்து, முகத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். காற்றுச் சத்தம் இல்லை, வேகம் இல்லை. வேறு வண்டியில் காதில் விழவே விழாத முனகலும் இதில் விழும். போதாததற்கு மேலே பெட்டி போல ஒரு பிளாஸ்டிக் பாடி. வீணைக்குக் குடம் செய்கிற வேலையை அது செய்கிறது. 1/24 அளவு எஸ்.சி.எக்ஸ்.24, 1/18 அளவு டி.ஆர்.எக்ஸ்-4எம் மாதிரிச் சின்ன வண்டிகளில் பாடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், பாதிச் சத்தம் காணாமல் போகும். மோட்டார் அதே மோட்டார்தான்.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? கருவி எதுவும் தேவையில்லை, சுருதி கேட்கத் தெரிந்த காது போதும். வண்டியைத் தூக்கி ஒரு டப்பா மேல் வைத்துச் சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். திராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறதா? அப்படியானால் சுற்றுகிற ஏதோ ஒன்று கத்துகிறது. தம்புரா மாதிரி ஒரே சுருதியில் நின்று, முழு திராட்டில் கொடுத்ததும் சட்டென்று அடங்குகிறதா? அது இ.எஸ்.சி.யின், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற மின்சுற்றின், வேலை.

இ.எஸ்.சி. மோட்டாருக்கு மின்சாரத்தைக் குழாய்த் தண்ணீர் போலத் திறந்துவிடுவதில்லை. நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் தடவை திறந்து மூடித் திறந்து மூடித்தான் கொடுக்கிறது. திறந்திருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும். பிரஷ்டு மோட்டாருக்கான பல இ.எஸ்.சி.கள் ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸில்தான் இதைச் செய்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கிற காயிலும் தகடுகளும் நடுங்கும், அந்த நடுக்கம்தான் நமக்குக் கேட்கிற ‘ஈ...’. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை என்பதால் சின்ன நடுக்கம்கூட அங்கே பெரிதாகக் கேட்கும். முழு திராட்டிலில் திறப்பும் மூடலும் இல்லை, திறந்தபடியே இருக்கும். அதனால்தான் அப்போது சத்தம் அறுந்துபோகிறது. வண்டி பாறையில் முட்டிக்கொண்டு மோட்டார் இன்னும் சுற்றவே தொடங்காத நேரத்தில் இந்த முனகல் வருவதைக் கவனித்திருப்பீர்கள். சுற்றாத மோட்டாரில் எது தேய்ந்து கத்த முடியும்?

இந்த முனகலுக்காக மோட்டார் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். புது மோட்டாரும் முனகும். உடனே ‘கம்பெனி சரியில்லை’ என்று மூன்றாவதைத் தேடுவார்கள். இது கோளாறே இல்லை. துடிப்பெண்ணை மாற்ற வசதி தருகிற இ.எஸ்.சி.யாக இருந்தால் அதை ஏற்றிவைத்தால் முனகல் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதற்கு ஒரு விலையும் உண்டு: குறைந்த துடிப்பில் ஒவ்வொரு அடியும் ஒரு சின்னக் குத்து, நின்ற மோட்டாரை அது தட்டி எழுப்பும், துடிப்பைக் கூட்டினால் ஓட்டம் வழுவழுப்பாகும், இ.எஸ்.சி. கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். எனக்கு முனகலோடு ஓட்டுவதில் ஆட்சேபம் இல்லை. அது ரசனையைப் பொறுத்தது.

சுருதி வேகத்தோடு ஏறுகிறது என்றால் அப்போதும் மோட்டாரின் கழுத்தைப் பிடிக்க அவசரப்பட வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சாதாரண 540 மோட்டார் என்பது ஏறத்தாழ 36 மி.மீ. விட்டமுள்ள உருளை. உள்ளே மூன்று கை உள்ள ஆர்மேச்சர், மூன்று துண்டாகப் பிரிந்த கம்யூட்டேட்டர், எதிரெதிரே இரண்டு கார்பன். ஒரு சுற்றுக்கு, துண்டுகளுக்கு இடையிலான பிளவு ஏதாவது ஒரு கார்பனுக்கு அடியில் ஆறு தடவை கடக்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200. கார்பன் எழுப்பும் தடதடப்பு 1,200 ஹெர்ட்ஸ். அதே அச்சில் 12 பல் உள்ள சின்னப் பல்சக்கரம் (பினியன்) இருந்தால் பல்லோடு பல் மோதும் ஒலி 2,400 ஹெர்ட்ஸ். அதாவது காது கூர்மையாக இருக்கிற இடத்தில் போய் உட்காருவது பல் சத்தம்தான். ‘மோட்டார் கிறீச்சிடுகிறது’ என்று நாம் சொல்கிற ஒலியில் பெரும்பங்கு மோட்டாருக்கு வெளியே பிறக்கிறது.

டி.ஆர்.எக்ஸ்-4 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்தது. அச்சுக்கூட்டைத் தரையிலிருந்து உயர்த்துவதற்காக நான்கு சக்கரத்திலும் போர்ட்டல் வைத்த வண்டி. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு கூடுதல் பல்சக்கர ஜோடி. கியர்பாக்ஸ், இரண்டு டிஃபரென்ஷியல், நான்கு போர்ட்டல். இத்தனையும் கூடி எழுப்புகிற ஓசையை மோட்டார் ஒன்றின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? நீளமான ஸ்குரூடிரைவரை எடுத்து அதன் முனையைக் கியர்பாக்ஸ் மேலும், பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பிலும் வைத்துக் கேளுங்கள். பிறகு மோட்டார் மேல், பிறகு ஒவ்வொரு போர்ட்டல் மேல். கார் மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வதுதான். சத்தம் எங்கே பெரிதாகிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என் சொந்தக் கதையைச் சொல்லாவிட்டால் உபதேசம் மட்டும் செய்வதாகிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு 1/10 வண்டியைப் பழையதாக வாங்கினேன். கம்பெனிப் பெயர் எதற்கு? கொடுத்தவரே, “மோட்டார் மட்டும் கத்தும், மாத்திக்கோங்க” என்றார். மாற்றினேன். இரண்டு வாரம் கொஞ்சம் அமைதி, பிறகு அதே கத்தல். பிரஷ்டு மோட்டார் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன். அன்று நான் இப்போது எதிர்க்கிற கட்சியில்தான் இருந்தேன். மூன்றாவது மோட்டாரை மாட்டும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கழற்றிய இரண்டு மோட்டாரிலும் பினியன் பக்கத்து அச்சு ஒரே திசையில் ஆடியது. விரலால் மேலும் கீழும் அசைத்தால் ‘டொக் டொக்’. பக்கவாட்டில் அசைத்தால் அவ்வளவு ஆட்டம் இல்லை. புஷ்ஷின் துளை வட்டமாக இருந்தது போய் முட்டை வடிவமாகியிருந்தது.

காரணம் எளிது. பினியனும் அது சுழற்றுகிற ஸ்பர் கியரும் இடைவெளியே இல்லாமல் நெருக்கி மாட்டப்பட்டிருந்தன. பல் ஒன்றையொன்று தள்ளும்போது அந்த அழுத்தம் முழுக்க மோட்டார் அச்சின் மேல் ஒரே பக்கமாக இறங்கும். அச்சு புஷ்ஷை அந்தப் பக்கமாகவே தின்னும். முதல் மோட்டாரை மாற்றியபோது நானே அதே நெருக்கத்தில் இரண்டாவதை மாட்டி அதையும் கொன்றிருக்கிறேன். மாற்றச் சொன்னவரும் தப்பு, மாற்றிய நானும் தப்பு. இடைவெளிக்கு ஒரு பழைய வழி உண்டு: நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்று கிழித்து இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கொடுத்து, மோட்டாரை நெருக்கித் திருகை முடுக்கி, சக்கரத்தை உருட்டித் தாளை வெளியே எடுக்க வேண்டும். தாள் விசிறி மடிப்பு போல மடிந்து வர வேண்டும், கிழியக் கூடாது. ஸ்பர் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக் ஸ்பர் எல்லாம் கச்சிதமான வட்டமாக வருவதில்லை. மூன்றாவது மோட்டார் இன்னும் அந்த வண்டியில்தான் ஓடுகிறது.

‘மோட்டாரே மலிவு, அதைப் போய் அரை மணி நேரம் ஆராய்வதா’ என்பது எதிர்க்கட்சியின் வலுவான வாதம். பணத்தை மட்டும் பார்த்தால் நியாயம்கூட. ஆனால் மேலே சொன்ன கதையில் மலிவான மோட்டார் இரண்டு போயின, கோளாறு போகவில்லை. மாற்றுவதிலும் தவறு செய்ய இடம் உண்டு. டி.ஆர்.எக்ஸ்-4இல் வருகிற 550 மோட்டார் வழக்கமான திசைக்கு எதிராகச் சுற்றும்படி அமைந்தது. அது தெரியாமல் கடையில் கிடைத்த 550-ஐ வாங்கி, ஒயரை இடம் மாற்றிப் போட்டு ஓட்டினால் வண்டி முன்னே போகும்தான். அந்த மோட்டாரின் டைமிங் மறுதிசைக்காக முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தால் கார்பனில் பொறி கூடும், சூடு கூடும், கார்பன் சீக்கிரம் தேயும். பிறகு ‘புது மோட்டாரும் சரியில்லை’.

இனி உண்மையிலேயே மோட்டார் கத்துகிற சந்தர்ப்பங்களுக்கு வருவோம். திருகு இரண்டைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்து, பினியனை நீக்கி, இறுகப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓட்டினாலும் கத்துகிறது என்றால் அது மோட்டார்தான். இதுவும் மரணச் செய்தி ஆகாது. கிராலர் ஓட்டுகிறவர்கள் ஓடையைக் கண்டால் விடுவதில்லை. 540-இன் புஷ் பெரும்பாலும் வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். தண்ணீரிலும் சேற்றிலும் ஊறி ஊறி அந்த எண்ணெய் போய்விட்டால் உலர்ந்த உலோகம் அச்சின் மேல் வழுக்கத் தெரியாமல் விட்டு விட்டுப் பிடிக்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் காதைக் கிழிக்கிற கிறீச்சு வருவது இதனால்தான். வைத்தியம் தையல் மெஷின் எண்ணெய். முன் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு, பின் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு. ஊசி முனையால் வையுங்கள், சொட்டுக்கு மேல் வேண்டாம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள்; குளிர்ந்தால் உறையும், நாளானால் பிசினாகும்.

எண்ணெய் என்றதும் ஸ்பிரே டப்பாவை எடுத்து மோட்டாருக்குள் பீய்ச்சுகிறவர்களைச் சொல்லாமல் விட முடியாது. அடித்த அன்று சத்தம் அடங்கும், உண்மை. அதை வைத்துத்தான் இந்த வைத்தியம் பரவுகிறது. ஆனால் கம்யூட்டேட்டர் மேல் எண்ணெய் படிந்தால் தேய்ந்து விழுகிற கார்பன் தூள் அதில் குழைந்து மையாகும். அந்த மை துண்டுகளுக்கு இடையே இருக்கிற பிளவை அடைத்துக்கொள்ளும். கார்பன் மின்சாரம் கடத்துகிற பொருள். பிளவு எதற்காக இருக்கிறதோ அந்த வேலை கெட்டுப்போகும். புஷ்ஷுக்கு வேண்டியது எண்ணெய், கம்யூட்டேட்டருக்கு வேண்டியது சுத்தம். இரண்டும் ஒரே டப்பாவில் கிடைக்காது. சுத்தம் செய்ய எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் இருக்கிறது. நன்றாகக் காயவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பொறி பறக்கிற இடத்தில் பெட்ரோல் ஊற்றிக் கழுவுகிற வீரர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

புது மோட்டார் பழையதைவிட அதிகம் கத்துவதும் பலரைக் குழப்புகிறது. புதுக் கார்பனின் முகமும் கம்யூட்டேட்டரின் வளைவும் முதல் நாளிலேயே கச்சிதமாகப் பொருந்திவிடுவதில்லை. ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு அதிர்கிறது. தேய்ந்து குழிந்து முழு முகமும் பதிந்த பிறகு அடங்குகிறது. இதற்கு மோட்டாரைத் தண்ணீர்க் குவளையில் முக்கி ஓட்டுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கார்பன் விரைவில் பதியும் என்பது மெய். கூடவே கார்பனின் ஆயுளில் ஒரு பங்கும் புஷ்ஷின் எண்ணெயும் அந்தக் குவளையில் கரைந்துபோகும். பந்தயத்துக்கு நாளைக் காலையே மோட்டார் தயாராக வேண்டும் என்பவருக்கு அந்த அவசரம் பொருந்தலாம். நடந்துபோகிற வேகத்தில் ஓடும் கிராலருக்கு என்ன அவசரம்? இரண்டு ஏ.ஏ. பேட்டரியை இணைத்து 3 வோல்ட்டில் அரை மணி நேரம் சும்மா சுற்றவிட்டால் போதும். அதைக்கூடச் செய்யாமல் மெதுவாக ஓட்டினாலும் சில சார்ஜில் தானே பதிந்துவிடும். மோட்டாரை நேரடியாக பேட்டரியில் ஓட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு: இ.எஸ்.சி.யின் முனகல் அங்கே இருக்காது, மோட்டாரின் சொந்தக் குரல் மட்டும் கேட்கும்.

இரைச்சல் என்ற சொல்லாலேயே ஒரு குழப்பம் வந்திருக்கிறது. மோட்டார் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்றைப் பற்றவைத்தால் ‘நாய்ஸ்’ போகும் என்பார்கள். போவது ரேடியோ இரைச்சல். கார்பன் பொறியால் ரிசீவர் தடுமாறுவதும் சர்வோ துடிப்பதும் குறையும். காதுக்குக் கேட்கிற சத்தத்தில் அது எதையும் செய்யாது.

பிரஷ்லெஸ் கட்சிக்கு ஒரு வார்த்தை. சென்சார் இல்லாத பழைய பிரஷ்லெஸ் மோட்டார்கள் மெதுவாகக் கிளம்பும்போது திக்கித் திணறும், அதனால்தான் கிராலரில் பிரஷ்டு இத்தனை காலம் நிலைத்தது. எஃப்.ஓ.சி. (ஃபீல்டு ஓரியண்டட் கன்ட்ரோல்) முறையில் இயங்கும் இன்றைய பிரஷ்லெஸ் மோட்டார்கள் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டன. மிக மெதுவாக, ஓசையில்லாமல் ஊர்கின்றன. நானே ஒன்றை ஓட்டிப் பார்த்து மயங்கியிருக்கிறேன். ஆசை இருந்தால், பணமும் இருந்தால், வாங்குங்கள். கியர் சத்தத்துக்கு மருந்தாக மட்டும் வாங்காதீர்கள். மோட்டார் அமைதியானதும் இதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த பல் சத்தம் தனிக்கச்சேரி வைக்கும். பல நண்பர்களின் புது ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

செத்த மோட்டாருக்கு அடையாளங்கள் உண்டு, அவற்றில் தயக்கம் வேண்டியதில்லை. வார்னிஷ் எரிந்த வாடை அடித்தால், கம்யூட்டேட்டர் துண்டு ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால், கார்பன் ஸ்பிரிங் வரை தேய்ந்திருந்தால், காந்தம் உடைந்து உள்ளே உருண்டால், அச்சு விரலுக்குத் தெரிகிற அளவு ஆடினால், மூடி மடித்து அடைத்த மலிவு 540-ஐப் பிரித்து வைத்தியம் பார்ப்பதில் அர்த்தமில்லை. மாற்றிவிடுங்கள். மாற்றும்போது தாள் கீற்று மட்டும் கையில் இருக்கட்டும்.

என் மேஜை இழுப்பறையில் ஐந்து 540 மோட்டார்கள் வந்து சேர்ந்தன. ஐந்தும் ‘செத்துப்போச்சு, வேணும்னா வச்சுக்கோங்க’ என்று நண்பர்கள் கொடுத்தவை. இரண்டு உண்மையிலேயே செத்திருந்தன. ஒன்றுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் போதுமாக இருந்தது. மற்ற இரண்டில் நான் எதுவுமே செய்யவில்லை, வேறு வண்டியில் மாட்டினேன், சத்தம் வரவில்லை.